சார் இருக்காகளா?

முப்பது வருஷம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவள் நான். என் வீட்டுக்காரர் தமிழாசிரியர். வீட்டில் ஃபியூஸ் போனால் டார்ச் லைட்டை அவர் பிடிப்பார், கம்பியை நான் கட்டுவேன். இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். இல்லாவிட்டால் என் கோபம் யாருக்கும் புரியாது.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு பழைய வேனை என் பேரில் வாங்கி, படுக்கை, அடுப்பு, சின்ன ஃப்ரிட்ஜ் எல்லாம் வைத்து வீடாக மாற்றினோம். அதில் ஊர் ஊராகப் போக வேண்டும் என்பது என் ஆசை. அவருக்குச் சர்க்கரை, கையிருப்பு இன்சுலினைக் குளிரில் வைத்தாக வேண்டும். ஃப்ரிட்ஜ் ஓடினால்தான் பயணம். போன ஐப்பசியில் அந்த ஃப்ரிட்ஜ்தான் மக்கர் பண்ணியது. விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. ஃப்ரிட்ஜ் மட்டும் சில நொடி உறுமிவிட்டு நின்றுவிடும். அது உறுமும்போது விளக்கும் மங்கும்.

மானகிரியிலிருந்து மெக்கானிக்கை வரச் சொல்லி ஃபோன் பண்ணியது நான். வாசலில் என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சார் இருக்காகளா?"

நான் நடந்ததை விவரமாகச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, எனக்குப் பின்னால் வந்து நின்ற என் வீட்டுக்காரரிடம், "சார், வண்டியில யாரும் கை வச்சீகளா?" என்றார்.

"ஒருத்தரும் தொடலையே" என்றார் இவர். பேட்டரி எந்த சீட்டுக்கு அடியில் இருக்கிறது என்றுகூட இவருக்குத் தெரியாது. ஆயுத பூஜைக்கு நான்தானே துடைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மெக்கானிக் வண்டிக்குள் தலையை விட்டுவிட்டார். சொல்ல வந்ததை நானும் விழுங்கிவிட்டேன்.

பேட்டரியைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். பேட்டரியில் குறை இல்லையாம். அந்தச் செய்தியும் சாருடைய ஃபோனுக்குத்தான் போயிற்று. அடுத்து ஃப்ரிட்ஜ் பார்க்கிறவர் கோவிலூர்ப் பக்கமிருந்து வந்தார். அவரும் "சார் இருக்காகளா?" என்றுதான் ஆரம்பித்தார். தன்னுடைய பேட்டரியில் மாட்டிப் பார்த்தார், ஃப்ரிட்ஜ் ஜோராக ஓடியது. பேட்டரியும் சரி, ஃப்ரிட்ஜும் சரி என்றால் கோளாறு நடுவில்தானே இருக்க வேண்டும்? அதைச் சொன்னேன்.

"நீங்க சும்மா இருங்கம்மா. இது கரண்டு விஷயம்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஃப்ரிட்ஜே ஓடியிருக்கும். முப்பது வருஷம் கரும்பலகையில் நான் என்ன கோலமா போட்டேன்?

அதைவிட என் வீட்டுக்காரர் சொன்னதுதான் சுட்டது. "வயரிங் முழுக்க மாத்தணுமாம். எதுக்கு இந்த வம்பு? வித்துருவோம். திருப்பத்தூர்ல இருந்து ஒருத்தர் வெள்ளிக்கிழமை பாக்க வாராக." ஆள் பார்த்து, நாள் குறித்து, எல்லாம் ஆகிவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் அவர் கடைவீதிக்குப் போனதும் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். அடுத்தவர் வேலையில் தலையிடக் கூடாது என்று பாழாய்ப்போன மரியாதை பார்த்ததற்கு என்னையும்தான் திட்ட வேண்டும். ஃப்ரிட்ஜ் உறுமுகிற அந்தச் சில நொடிகளில் அளந்தேன். பேட்டரியில் பன்னிரண்டரை வோல்ட் இருந்தது. ஃப்ரிட்ஜுக்கு வந்து சேர்ந்தது பத்துகூட இல்லை. அடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் வண்டியின் தகட்டுக்கும் நடுவே மீட்டரை வைத்து, மறுபடி ஃப்ரிட்ஜைப் போட்டேன். கிட்டத்தட்ட சைபர் காட்ட வேண்டிய இடத்தில் இரண்டுக்கு மேல் காட்டியது. வோல்ட் தொலைவது அங்கேதான். எர்த் வயரை வண்டித் தகட்டோடு சேர்த்து முடுக்கியிருக்கும் போல்ட்டில்தான் தகராறு. ஸ்பேனரைப் போட்டுக் கழற்றினேன்.

வயருக்கும் தகட்டுக்கும் நடுவே சந்தனம். காய்ந்து பொருக்குத் தட்டி, குங்குமத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள், பேட்டரிப் பெட்டியை ஈரத்துணியால் துடைப்பதற்காகப் பத்திரமாக எர்த் வயரைக் கழற்றி வைத்தவள் நான். ஒன்றும் விட்டுப்போகக் கூடாதென்று ஸ்டீயரிங்கிலிருந்து ஸ்டவ் வரைக்கும் பொட்டு வைத்தவள், அந்த இடத்துக்கும் ஒன்று வைத்து, அதன்மேலேயே வயரை மாட்டி முடுக்கியிருக்கிறேன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். ஆனால் அலைந்தவர்களில் ஒருவராவது என் பக்கம் திரும்பியிருந்தால், முதல் நாளே சொல்லியிருப்பேன்.

தகட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டியதும் ஃப்ரிட்ஜ் ஓடியது. வீட்டுக்காரர் வந்து பார்த்து, "அப்ப சந்தனம் வச்சது நீதானா? இத்தனை நாளா ஏன் சொல்லல?" என்றார்.

"சொல்லத்தான் வந்தேன். உங்களத்தான கேட்டாக, என்னைய யாரு கேட்டா?"

மறுநாள் காலையில் அவர் இன்சுலின் டப்பாக்களைத் தானே எடுத்துப்போய் வண்டி ஃப்ரிட்ஜில் அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத் திருப்பத்தூர்க்காரர் வந்து சேர்ந்தார்.

"சார் இருக்காகளா? வண்டி பாக்க வந்தேன்."

"இருக்காக. ஆனா வண்டி என்னுது. நான் விக்கிறதா இல்ல" என்றேன்.

அவர் மரியாதையாகத் தலையை ஆட்டினார். பிறகு என் தோளுக்கு மேலே வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, "சரிங்கம்மா, சார்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்" என்றார்.