மாடியில் நின்ற பீப்பாய்கள்

தில்லியின் துவாரகாவில் ஓர் ஆய்வகம், சூரிய மின்தகடுகளின் மீது நானோத் துகள் பூசிச் சோதித்துக்கொண்டிருந்தது. அதன் அறநெறிக் குழுவில், அறிவியல் சாராத உறுப்பினன் நான். பார்வையிடச் சென்ற நாளில்தான் அவரைக் கண்டேன்.

மாடியில் அத்தகடுகளைக் கழுவும் ஒப்பந்தப் பணியாளர் அவர். மெலிந்த உடல், வெயிலில் கறுத்த நெற்றி. கழுவிய நீரை ஒரு சொட்டும் சிந்தாமல் பீப்பாயில் சேர்ப்பது அவர் வழக்கம். பதினொரு பீப்பாய்கள் நிறைந்திருந்தன.

தகடுகள் முன்னினும் மிகுதியாக மின்சாரம் தந்தன. பூச்சு நீரோடு கழன்று போகிறதா என்பதை மட்டும் எவரும் சோதிக்கவில்லை.

திட்டத் தலைவர் தில்லியிலேயே வளர்ந்த தமிழர். “அரே பையா, நாளைக்கு மினிஸ்ட்ரிலேர்ந்து வராங்க. இதெல்லாம் சாக்கடைல கொட்டிடு, ஜல்தி!” என்றார்.

“கொட்டிருதேன் சார். கொட்டலாம்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க” என்றார் பணியாளர், நெல்லைத் தமிழில்.

“எனக்கே ரூல் பேசறியா? நாளைலேர்ந்து வேலைக்கு வராதேன்னு எழுதித் தரட்டுமா?”

“அதையும் எழுதுங்க சார். மொதல்ல இத எழுதுங்க.”

எழுத்தில் வராத ஆணைக்குத் தில்லியில் எவரும் பொறுப்பேற்பதில்லை. தலைவர் பேனாவைத் திறந்தார், மூடினார். பின்பு வெற்றுத்தாளை என்னிடம் நீட்டினார்.

“நீங்கதானே எத்திக்ஸ் மெம்பர்? நீங்க எழுதுங்க சார்.”

அப்பூச்சினால் தீங்கில்லை என்ற அறிக்கையில் முந்தைய வாரம் ஒப்பமிட்டவன் நான். அந்த ஒரு வரியை எழுத என் கை எழவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

பணியாளர் அடுத்த வாளியைப் பன்னிரண்டாவது பீப்பாயில் ஊற்றினார். அவரை வேலையில் வைத்துக்கொண்டார்களா என்று விசாரிக்கும் துணிவு எனக்கு இன்றுவரை வரவில்லை.