புது ஆப்பில் மூன்று தடவை போன கொத்து ஓடர்

நாங்கள் வழக்கமாகக் கொத்துரொட்டி எடுக்கிற ஸ்காபரோ கடை, இன்று தன் ஆப்பைப் புதுப்பித்திருக்கிறது.

வீட்டில் மச்சாள் குடும்பம் பசியோடு காத்திருக்க, ஐந்து கொத்துக்கு ஓடர் போட்டேன். போகவில்லை என்றது ஆப். திரும்ப அழுத்தினேன். அதே பதில். மூன்றாம் தடவை கோபத்தோடு அழுத்தியதும், மூன்று ஓடரும் சேர்ந்தே போய்விட்டன! ரத்துச் செய்ய வழியில்லை. கடைக்குப் போனில் கோல் எடுத்தால் லைனும் கிடைக்கவில்லை.

ஸ்ரௌவ்வில்லில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து கடைக்குத் திட்டிக்கொண்டே கார் ஓடிப் போனேன்.

"அண்ணை, பதினைஞ்சு கொத்தும் போட்டிட்டியளோ?"

கடைக்கார அண்ணை சிரித்தார். "ஒண்டும் போடேல்லை, தங்கச்சி. எங்கட ஆக்கள் ஆப்பில போட்டிட்டு, வந்ததோ எண்டு கோலும் எடுப்பினம். கோல் வராமல் நான் ரொட்டியைக் கல்லில போடுறேல்லை."

"லைன் கிடைக்கேல்லையே!"

"எல்லாரும் எடுத்தால் எப்பிடிக் கிடைக்கும்?"

கண் முன்னாலேயே ஐந்து கொத்து அடித்துத் தந்தார். வீடு வந்தபோதும் சூடு ஆறவில்லை. மச்சாளுக்குப் பரம திருப்தி.

ஆப்பில் ஓடர் போட்டுவிட்டுக் கோல் எடுக்காத தமிழர் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். எழுதிவிட்டு, பார்த்தேனா என்று கேட்க எனக்குக் கோல் எடுக்க வேண்டாம்.