தொப்பியைக் கழற்றாமல் விழுந்தவர்

மூன்று வருடங்களுக்கு முன், மாரிகாலத்து ஒரு சனிக்கிழமை மத்தியானம். பாரிசில், லா சப்பல் பக்கம் நான் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையில் தரையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தேன். வெளியே ஒரு வெள்ளைக்காரர், எண்பது வயதிருக்கும், கம்பளித் தொப்பியோடு நின்று கண்ணாடி வழியே வடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் புருவத்தை எங்கே கண்டாலும் எனக்குத் தெரியும்.

பாரிசுக்கு வருமுன் லண்டனில் இரண்டு வருடம் இருந்தேன். அகதி வழக்கு முடியும்வரை வேலை செய்ய முடியாது. ஓர் அறையில் ஐந்து பேர், யாரோ வீசிய ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. வியாழக்கிழமை பின்னேரங்களில் அதில் ஒரு சிரிப்புத் தொடர் போகும். அதில் ஏணி இரவல் கேட்டு வரும் பக்கத்து வீட்டுக்காரராக நடித்தவர்தான் இவர். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைப்பார். அடுத்த நொடி தடாலென்று விழுவார். எங்களுக்கு அப்போது இங்கிலீசு விளங்காது, விழுவது விளங்கும். கிழமை முழுவதும் ஊர்ச் செய்திக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்த ஐந்து பேரும் அந்த அரைமணி நேரம் வயிறு நோகச் சிரிப்போம்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்து, அவர்தானா என்று கேட்டேன். கூச்சத்தோடு தலையாட்டினார். உள்ளே ஒரு காலை வைத்தார், தடாலென்று விழுந்தார்.

நான் கை தட்டிச் சிரித்தேன். எனக்காகத்தான் விழுந்து காட்டுகிறார் என்று நினைத்தேன். குசினியில் நின்ற சமையல்காரரையும் வந்து பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"கை தட்டுறதை விட்டுட்டுப் பிடியுங்கோ அண்ணை. அந்த மனிசன் நடிக்கேல்லை, எழும்பேலாமல் கிடக்குது."

அப்போதுதான் கவனித்தேன், தொப்பி தலையிலேயே இருந்தது. ஈரத்தரைக்கு வைக்கும் மஞ்சள் பலகை சுவரோரம் சாய்ந்து கிடந்தது. வைக்க மறந்தவன் நான்.

இருவருமாகத் தூக்கி இருத்தினோம். அம்புலன்ஸ் வேண்டாம் என்றுவிட்டார். உறைந்த இறால் பையொன்றை அவர் முழங்காலில் வைத்துக் கட்டினோம். தேத்தண்ணியைக் குடித்தபடி, படப்பிடிப்பில் கீழே எப்போதும் மெத்தை இருக்கும், இங்கேதான் இல்லை என்றார். நான் போய் அந்த மஞ்சள் பலகையை எடுத்து வாசலில் நிறுத்தி வைத்தேன்.

பிறகு அவராகவே சொன்னார். பதின்மூன்று வருடம் அந்த ஒரே வேடம். தொடர் முடிந்தபின் ஒரு மேடை நாடகத்தில், மகனைப் பறிகொடுத்த தகப்பனாக நடித்தாராம். சவப்பெட்டியருகே தொப்பியைக் கழற்றிக் குனிந்தபோது பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. அதற்குப் பின் அவர் மேடை ஏறவில்லை. இப்போது இங்கே பக்கத்தில், ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்தருகே மகளோடு இருக்கிறார்.

அந்தப் பின்வரிசை ஆள் நானேதான் என்பது போல இருந்தது. அந்த அறையில் ஐந்து பேருக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருந்தது உங்களால்தான் என்று என் அரைகுறை இங்கிலீசில் ஒரு மாதிரிச் சொல்லி முடித்தேன். அவர் இறால் பையை முழங்காலில் சரிசெய்துகொண்டார். பிறகு, அந்த அறை எப்படி இருந்தது என்று கேட்டார்.

போகும்போது வாசலில் திரும்பி நின்றார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பாய்ந்தேன், சமையல்காரர் அகப்பையோடு பாய்ந்தார். அவர் விழவில்லை, எங்களைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். அந்தத் தொடரில் ஒருநாளும் அவர் சிரித்து நான் கண்டதில்லை.

இன்றைக்கும் யாராவது தடுக்கி விழுந்தால் எனக்குச் சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு முன் கை நீண்டுவிடுகிறது.