வேண்டா அடித்த கோடு

நாலாவதும் பெண் என்றதும் வெறுத்துப்போய் வைத்த பேர், வேண்டா. வேடந்தாங்கல் பக்கத்துக் கிராமங்களில் தெருவுக்கு ஒரு வேண்டா உண்டு. நூறு நாள் வேலையில் ஏரி மண் வெட்டிக்கொண்டிருந்த இவளைப் பஞ்சாயத்துத் தலைவராக்கியது ஊரின் நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். பதவியைப் பெண்ணுக்கு ஒதுக்கிவிட்டார்கள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட கான்ட்ராக்டர் பன்னீர்செல்வத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

அவள் போடவில்லை. ஏரி மண்ணை லாரியில் அள்ள அவன் நீட்டிய தீர்மானத்தை முழுசாகப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"இதுல நான் போட மாட்டேன் அண்ணாத்த. ஏரி போயிட்டா பயிருக்கு இன்னா பண்றது?"

அன்றைக்கே பேச்சைக் கிளப்பிவிட்டான். வேண்டா வேறு யாரிடமோ பணம் வாங்கிவிட்டாளாம். ஊரும் நம்பியது. அந்தப் பேச்சு அவளைத் தூங்கவிடவில்லை.

அரசாங்க வீட்டுப் பட்டியல் வந்தது. முதல் பேர் அவளுடையது. ஓட்டை விழுந்த ஓலைக் கூரை, தகுதியில் ஒரு குறையும் கிடையாது. ஊராட்சிச் செயலர் சுஜாதாவிடம் பேனாவை வாங்கினாள்.

"அடிக்காதக்கா. உன் வூடு ஒழுவறத நானே பாத்துக்கீறேன்."

"தலைவரே மொத வூட்ட எடுத்துக்கினான்னு ஒருத்தரும் பேசக் கூடாது சுஜாதா."

தன் பேரைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் போட்டாள், பைத்தியக்காரி. அந்த வீடு அடுத்த பேரான ரேணுகாவுக்குப் போனது.

பேச்சு நின்றதா? எங்கே நின்றது. "செங்கல்பட்டுல பங்களா கட்டிக்கினு கீறா போல, அதான் இது வேணாங்கிறா," என்றார்கள். புது வீட்டு வாசலில் நின்று அதைச் சொன்னவர்களில் ரேணுகாவும் ஒருத்தி.

அடுத்த தேர்தலில் தோற்றாள். பன்னீர்செல்வத்தின் மனைவி தலைவரானாள். நாற்காலியில் உட்கார்ந்தது பன்னீர்செல்வம். ஐப்பசி மழையில் வேண்டாவின் கூரை ஒரு பக்கம் சரிந்தது. வீடு கேட்டு மனு எழுதிக்கொண்டு, வெட்கத்தை விட்டு அவன் முன்னால் போய் நின்றாள்.

அவன் கோபப்படவில்லை. பழைய பட்டியலை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

"வூடு வேணாம்னு நீயே அடிச்சிக்கீறியே. இது உன் கையெழுத்துதான?"

ஐந்து வருஷம் அவன் கெஞ்சியும் மிரட்டியும் கேட்ட கையெழுத்து ஒன்றுகூட அவனுக்குக் கிடைத்ததில்லை. இன்று அவளை மடக்க இது ஒன்று போதுமாக இருந்தது.

"என்னுதுதான்," என்றாள் வேண்டா. மனுவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மழையில் இறங்கி நடந்தாள். ஏரிக்கரையில் மண் லாரிகள் வரிசையாக நின்றன.