ஏழாவது தோட்டா

ஒவ்வொரு தோட்டாவாகக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்கிறார் தீனதயாளன். உள்ளே வெடிமருந்து சரசரத்தால் வேட்டியில் துடைத்துத் தட்டில் வைக்கிறார். சரசரக்காவிட்டால் முகம் சுண்டிவிடுகிறது. காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. வலது கால் மட்டும் தையல் மிஷின் மிதிப்பதுபோல் ஆடிக்கொண்டே இருக்கிறது.

கச்சிராயபாளையத்துக்கு வெளியே நாலு ஏக்கர் கரும்பு வைத்திருக்கிறார். ஐம்பத்தைந்து வயது. அப்பா பெயரிலிருந்து இவர் பெயருக்கு மாறிய லைசென்ஸில் ஒரு ரிவால்வர். குழல் இரண்டே அங்குலம், உள்ளங்கையில் அடங்கிவிடும். டீக்கடையில் சுவரைப் பார்த்து உட்காரமாட்டார். பின்னால் பைக் வந்து நின்றால் பாதி வடையோடு எழுந்துவிடுவார். கல்வராயன் மலைப் பக்கம் இடி இடித்தாலும் கை இடுப்புக்குப் போகும். அவரோடு ஒரு மணி நேரம் இருந்தால் நமக்கும் இருப்புக்கொள்ளாது.

மாதம் ஒரு ஞாயிறு சேலம் பக்கத்துச் சுடுதளம் ஒன்றுக்கு ஜீப்பில் கிளம்பிவிடுகிறார். மற்றவர்கள் காகித வட்டத்தைச் சுட, இவர் ஈரக் கரும்புச் சக்கையை இறுக்கிக் கட்டிய சாக்கைச் சுடுகிறார். ஒருமுறை நானும் போனேன். செம்பு உறை போட்ட குண்டு சாக்கைத் துளைத்து மண்மேட்டில் புதைந்தது. மூக்கு தட்டையான ஈயக் குண்டு சக்கைக்குள்ளேயே நின்றுவிட்டது. விலை அதிகமான இன்னொரு ரகத்தால் என் காது அடைத்ததுதான் மிச்சம். குழல் வாயில் வாழைப்பூ அளவு நெருப்பு. குண்டு என்னவோ மற்றதைப்போலத்தான் போனது.

"கொழா குட்டைங்க. மருந்து முழுசா எரியறதுக்குள்ள குண்டு வெளிய பூடுது. மிச்சம் காத்துலதான் எரியுது. சத்தம் ஜாஸ்தி, வேகம் கம்மி" என்றார். காலிக் கேஸ்களைப் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டார். கடையில் அவற்றைக் காட்டினால்தான் புதுசு தருவார்களாம்.

அன்று ஒன்று வெடிக்கவில்லை. டிக் என்றது, அவ்வளவுதான். தாமதமாக வெடித்துவிடலாம் என்று துப்பாக்கியை நீட்டியபடியே முப்பது எண்ணினார். பிறகு அந்தத் தோட்டாவை எடுத்துப் பின்பக்கத்தை எனக்குக் காட்டினார். நடுவில் மிளகு பதிந்தாற்போல் ஒரு குழி.

"ஊசி குத்துன எடம். வெடிச்சாலும் குழி வுழும், வெடிக்கலன்னாலும் வுழும். ட்ரிக்கர அமுக்கிட்டா இது வுழாம இருக்காது. இன்னா மருந்து போடுறானுங்க! அன்னிக்கும் இப்படித்தாங்க டிக்குன்னு நின்னுச்சு."

அன்றைக்கு என்பது ஆறு வருடத்துக்கு முன்னால். கோமுகி அணைப் பாதையில் இரண்டு பேர் இவர் பைக்கை மறித்து, பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி விஜயலட்சுமியின் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். கழுத்தில் தழும்பு இன்னும் இருக்கிறது. துப்பாக்கியை எடுத்தேன், அமுக்கினேன், தோட்டா வெடிக்கவில்லை என்று ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லியிருக்கிறார். துப்பாக்கிக்குள் எப்போதும் ஆறு. அன்று வெடிக்காத தோட்டாவை மட்டும் ஏழாவதாகத் தைல டப்பாவில் போட்டுப் பீரோவில் வைத்திருக்கிறார். நான் கேட்டபோது காட்டவில்லை. "அதப் பாத்தா வயிறு எரியுதுங்க" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

இன்று தோட்டாக்களை எடுத்து வைத்துவிட்டு அவர் மோட்டார் போடப் போனதும், விஜயலட்சுமி அந்த டப்பாவைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் கவிழ்த்தார்.

தோட்டாவைத் திருப்பினேன். பின்பக்கம் வழவழவென்று இருந்தது. கட்டைவிரலால் தடவியும் பார்த்தேன். குழி இல்லை, ஒரு கீறல்கூட இல்லை.

"எப்ப பாத்தீங்க?"

"நாலு வருசமாவுது. குழியப் பத்தி எனக்குச் சொல்லிக்குடுத்ததே அவருதாங்க."

"அவர்கிட்ட கேக்கலையா?"

"கேட்டுட்டா அந்த மனுசன் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்குவாரு?"

செருப்புச் சத்தம் கேட்டது. தோட்டா டப்பாவுக்குள்ளும், டப்பா விஜயலட்சுமியின் இடுப்புச் செருகலுக்குள்ளும் போயின. தீனதயாளன் வாசற்படியிலேயே நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா பேசிக்கினு இருந்தீங்க?"

"அந்தத் தோட்டா மட்டும் ஒழுங்கா வெடிச்சிருந்தா அன்னிக்கு அவனுங்க பொழச்சுப் போயிருப்பானுங்களான்னு சொல்லிக்கினு இருந்தேன்" என்றார் விஜயலட்சுமி. சொல்லிக்கொண்டே முந்தானையை இழுத்துக் கழுத்துத் தழும்பை மூடிக்கொண்டார்.