பி அணியின் கோல் கீப்பர்

என் மகளை ஒரு ஹாக்கி அணியிலிருந்து இன்னோர் அணிக்கு மாற்றிக் கொடுக்க நான் சம்மதித்தது சரியா? ஒரு வருடம் கழிந்தும் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் குடியேறியிருக்கும் மோர்டனில், மகள் ஆடும் ஹாக்கிக் கழகத்தில் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு அணிகள். நன்றாக ஆடுபவர்கள் ஏ அணி, மற்றவர்கள் பி. ஏ அணியில் என் மகளோடு சேர்த்து இரண்டு கோல் கீப்பர்கள் இருந்தார்கள். பி அணியில் ஒருவரும் இல்லை. உங்கள் மகளை பி அணிக்குத் தாருங்கள், அங்கே வேகமாக ஓடும் ஒரு பிள்ளையை ஏ அணிக்கு எடுக்கிறேன் என்றார் பயிற்சியாளர். கையில் பட்டியலோடு நிற்பவர்களிடம் மறுத்துப் பேச எனக்கு வராது. மகளைக் கேட்காமலே தலையாட்டிவிட்டேன்.

வீட்டில் கணவர் சிரித்தார். "ஆரும் வந்து கேட்டா வீட்டையும் எழுதிக் குடுப்பீர் போல."

பதிலுக்கு ஏ அணிக்குப் போன பிள்ளை கோல்களாகப் போட்டாள். அவர்கள் கிண்ணம் வென்றார்கள். நாங்கள் கடைசி. ஞாயிறு தோறும் மைதானக் கோட்டுக்கு வெளியே நின்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஆனால் ஏ அணியில் பந்து என் மகள் பக்கம் வந்ததே குறைவு. குளிரில் விமானங்களை எண்ணிக்கொண்டு நிற்பாள். பி அணியில் பந்து ஓயாமல் வந்தது. பாரமான கால்காப்புகளோடு விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்து தடுத்தாள். ஒன்பது கோல் வாங்கிய நாளில் அழப்போகிறாள் என்று கைலேஞ்சியை எடுத்து வைத்திருந்தேன்.

"அம்மா, பதினாறு தடுத்தனான். எண்ணினீங்களோ?"

நான் உள்ளே போனவற்றை மட்டுமே எண்ணியிருந்தேன்.

போன வாரம் பயிற்சியாளர் மறுபடி வந்தார். ஏ அணியின் கோல் கீப்பர் வேறு ஊருக்குப் போகிறாளாம். என் மகள் திரும்பி வரலாமாம். இந்த முறை அவளைக் கேட்டேன்.

"ஏலாது அம்மா. நான் போனா இவைக்குக் கோலில ஆர் நிக்கிறது?"

"நீ விரும்பித்தான் நிக்கிறியோ, இல்லாட்டி அவை பாவம் எண்டோ?"

"ரெண்டும் ஒண்டுதானே," என்றபடி சப்பாத்தைக் கழற்றினாள்.

அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றல்ல என்று தெரிந்துகொள்ள எனக்கு முப்பது வயதாயிற்று. மறுக்கத் தெரியாத என் குணம்தான் அவளிடம் நல்ல மனமாகத் தெரிகிறதோ என்னவோ.

வருகிற ஞாயிறு பதில் சொல்ல வேண்டும். அவள் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்வதா, அவளுடைய நன்மைக்காக அவளிடமே மறுத்துப் பேசி ஏ அணிக்கு அனுப்புவதா? இப்படியொரு பிள்ளையை வளர்த்தவர்கள் இருந்தால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.