பெரிய கப்பல் மாப்பிள்ளை

என் மூத்த மகளுக்கு இரண்டு சம்பந்தங்கள் வந்தன. மாப்பிள்ளைகள் இரண்டு பேருக்குமே உல்லாசப் பயணக் கப்பலில் வேலை. பாலமுனை ஊர் மாப்பிள்ளை ஒளிக்காமல் சொன்னார்: "எங்கட கப்பல்ல சாதாரண சனம்தான் புள்ளகுட்டியோட வரும் மாமி. பெரிய பேரில்ல. ஆனா சொன்ன நாளைக்கு லீவு தருவாங்க."

மற்றவருடையது கோடீஸ்வரர்கள் போகும் கப்பல். மகள் பாலமுனைக்காரரைத்தான் விரும்பினாள். "எண்ட மருமகன் பெரிய கப்பல்லதான் இரிக்கணும்" என்று மற்றவருக்கே முடித்துவைத்தேன்.

அந்தக் கப்பல் ஓயாமல் உலகம் சுற்றியது. நாங்கள் கொடுத்த சீதன வீட்டில் மகள் தனியே இருந்தாள். பேரன் நடக்கத் தொடங்கிய பிறகுதான் வாப்பாவைக் கண்டான். பயந்து என் பின்னால் ஒளிந்துகொண்டான்.

இப்போது இளையவளுக்கு மாப்பிள்ளை பேசுகிறோம். "வருஷத்துல எத்தின மாசம் ஊட்டுல நிப்பீங்க, தம்பி?" என்றுதான் முதலில் கேட்கிறேன். சம்மதத்தை இளையவளே சொல்வாள்.